வடகரையா, பூந்தோட்டம் பக்கமா? வீடு வாங்க இரண்டு ஊர், முடிவெடுக்க முடியவில்லை

கூடுவாஞ்சேரிக்காரன் · செப்டம்பர் 6, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வைகாசியில் எனக்குப் பணி ஓய்வு. பையன் வெளிநாட்டில் இருக்கிறான், திரும்பி வருவதாக இல்லை. எங்களுக்கும் இந்த மூன்றாவது மாடியும் லிஃப்ட் ரிப்பேரும் அலுத்துவிட்டன. அப்பா மன்னார்குடி பக்கம் இருந்த வீட்டை 1983இல் விற்றார். அன்றிலிருந்து ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒரு வாசற்படி இல்லை. திரும்பிப் போகலாம் என்று ஆறு மாதமாக அலைந்து இரண்டு வீட்டில் வந்து நிற்கிறோம். பேரம் நடப்பதால் ஊர்ப்பெயரைச் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதல் வீடு காவிரிக்கு வடகரை, கணபதி அக்ரஹாரத்திலிருந்து கூப்பிடு தூரம். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் ஏறக்குறைய நடு. ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாங்கட்டு, கொல்லையில் கிணறு, கொல்லைக் கதவைத் திறந்தால் ஆற்றங்கரை. 38 லட்சம் சொல்கிறார்கள்.

இரண்டாவது பூந்தோட்டத்திலிருந்து உள்ளே தள்ளி, அரசலாற்றில் பிரியும் வாய்க்கால் ஓரம். தொண்ணூறுகளில் கட்டிய மெத்தை வீடு. பார்க்க ஒன்றுமில்லை. முன்னால் வயல், பக்கத்தில் வயல், பின்னால் ஒரு வைக்கோல் போர், அப்புறம் வயல். 19 லட்சம்.

இரண்டு ஊருமே அமைதி. முதல் வீட்டில் கால் வைத்ததுமே என் மனைவி முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள், எழுந்து வரவே இல்லை. எனக்கும் ஆசைதான், பணம்தான் இடிக்கிறது. அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாற்று விவசாயி · செப்டம்பர் 6, இரவு 10:25

அண்ணே, வீட்டை எந்த மாதம் பார்த்தீர்கள்?

கூடுவாஞ்சேரிக்காரன் · செப்டம்பர் 6, இரவு 10:31

ஆவணி. காவிரியில் இருகரை தொட்டுத் தண்ணீர் போனது.

வெண்ணாற்று விவசாயி · செப்டம்பர் 7, காலை 5:50

அதானே பார்த்தேன். ஆவணியில் பார்த்தால் காவிரிக்கரையில் மாட்டுக்கொட்டகைகூட மாளிகையாகத் தெரியும்.

மேட்டூர் ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல். இதுதான் கணக்கு, அதுவும் அணையில் தண்ணீர் இருக்கும் வருஷத்தில். திறந்த பிறகும் முறை வைத்துத்தான் விடுவார்கள், கொஞ்ச நாள் காவிரிக்கு, கொஞ்ச நாள் வெண்ணாற்றுக்கு. மாசி, பங்குனி, சித்திரை, வைகாசியில் உங்கள் கொல்லைக் கதவைத் திறந்தால் மணல் தெரியும், பையன்கள் ஸ்டம்ப் நட்டு விளையாடுவது தெரியும். அது தப்பில்லை, தெரிந்து வாங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வெள்ள விஷயத்தில் வெளியூர்க்காரர்கள் எல்லாரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். காவிரி பக்கத்தில் இருந்தால் வெள்ளம் வீட்டுக்குள் வரும் என்று பயப்படுவார்கள். கல்லணைக்குக் கீழே காவிரி கட்டுப்பட்ட ஆறு. மேட்டூர் 120 அடி நிரம்பி வழிந்தால் மிச்சத் தண்ணீரை முக்கொம்பிலும் கல்லணையிலும் கொள்ளிடத்தில்தான் தள்ளுவார்கள். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணை மதகுகளே அடித்துக்கொண்டு போனதே, நினைவிருக்கிறதா? பயம் எல்லாம் கொள்ளிடக்கரைப் படுகை ஊர்களுக்கு. உங்கள் வடகரை ஊருக்குத் தெற்கே காவிரி, வடக்கே கொஞ்ச தூரத்தில் கொள்ளிடம். வீடு எதற்குப் பக்கம் என்று பாருங்கள். ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் படுகையில் இருந்தால் விட்டு ஓடிவிடுங்கள்.

பூந்தோட்டம் பக்கம் வேறு கதை. அங்கே ஆறு வந்து முழுகடிக்காது, மழைத்தண்ணீர் வடியாமல் நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் கடலில் தாழ்வு வந்துவிட்டால் மேற்கேயிருந்து வரும் வடிகால் தண்ணீரும் அவர்கள் தலையில்தான். 2022 நவம்பர் 11ஆம் தேதி சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மழை கொஞ்சம் தெற்கே நகர்ந்து கொட்டியிருந்தால் உங்கள் இரண்டாவது வீட்டு வாசல் என்ன கதி என்று யோசியுங்கள்.

ஆகவே இரண்டு ஊரையும் தீபாவளிக்கு அப்புறம் நல்ல மழை நாளில் போய்ப் பாருங்கள். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பத்திரத்திண்ணை · செப்டம்பர் 7, காலை 11:15

பதிவு அலுவலக வாசலில் முப்பது வருஷம் பத்திரம் எழுதியவன் நான். தண்ணீரை விவசாயி தம்பி பார்த்துக்கொள்ளட்டும், நான் மண்ணைக் கேட்கிறேன். சார், முதல் வீட்டின் அடிமனை யாருடையது?

சென்னையில் வீடு வாங்கினால் மண்ணும் சேர்ந்து வரும், ஃபிளாட்டாக இருந்தால் பிரிபடாத பாகமாவது வரும். டெல்டாவில் அப்படி எண்ணிக்கொண்டு வந்து ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சன்னதித் தெரு, மடவிளாகம், அக்ரஹாரம் என்று ஊருக்கு நடுவில் இருப்பதில் பல மனைகள் கோயிலுக்கோ மடத்துக்கோ ஏதாவது கட்டளைக்கோ பாத்தியப்பட்டவை. வீடு கட்டியவர் கொள்ளுத்தாத்தா. அவர் காலத்திலிருந்து கோயிலுக்குச் சில்லறையாக ஒரு தொகை கட்டிவருவார்கள், பகுதி என்பார்கள். சுவரும் ஓடும் அவர்களுடையவை, மண் சாமியுடையது. நீங்கள் 38 லட்சம் கொடுத்தால் சுவரையும் ஓட்டையும் வாங்குகிறீர்கள்.

அதையும் இப்போது சுலபமாக வாங்க முடியாது. பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவு இருப்பதால் கோயில் சொத்துப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அனுமதி இல்லாமல் பதிய மாட்டார். அறநிலையச் சட்டம், அந்த 1959ஆம் வருஷத்துச் சட்டம், அதில் 34வது பிரிவைப் பாருங்கள். விற்பனை இருக்கட்டும், ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விட்டாலே ஆணையர் அனுமதி வேண்டும். அதனால்தான் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கைமாற்றுகிறார்கள். நாளைக்கு நியாய வாடகை என்று நிர்ணயம் செய்து பழைய பாக்கியோடு நோட்டீஸ் வந்தால் அது உங்கள் பெயருக்கு வரும், விற்றவர் பெயருக்கு வராது.

கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. பழைய கிரயப் பத்திரத்தில் சொத்து விவரத்தை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். "அனுபோக பாத்தியம்", "மேல்கட்டுமானம் மட்டும்", "பகுதி செலுத்தி வரும்" என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் அந்தத் தெருவுக்கு, இல்லையென்றால் சர்வே எண்ணுக்கு, வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலை, தேடுங்கள். சைபர் என்று வந்தால் அங்கேயே கதை முடிந்தது. அப்புறம் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு. அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் எஜமான். பழைய இனாம் கிராமமாக இருந்தால் 1963 இனாம் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு பட்டா யாருக்குப் போனது என்பதையும் கேளுங்கள்.

தரகர் "நூறு வருஷமா இருக்காங்க சார்" என்பார். நூறு வருஷம் வாடகைக்கு இருந்தாலும் வாடகைதான்.

இரண்டாவது வீட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது. நத்தமா, அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய மண்ணா, பட்டா மனையா, வயலை மேடாக்கிக் கட்டியதா?

மிதுனராசி · செப்டம்பர் 7, மாலை 4:02

இவ்வளவு தலைவலி எதற்கு? வல்லம் பக்கம் அப்ரூவ்டு மனை நிறைய இருக்கிறது, லோனும் கிடைக்கும். விவரம் வேண்டுமானால் தனிச்செய்தி அனுப்பவும்.

கடைமடை · செப்டம்பர் 7, மாலை 4:10

வந்துட்டாருப்பா.

ரேழி · செப்டம்பர் 8, இரவு 8:20

நான் இதே ஆசையில் விழுந்தவன். 2019இல் குடமுருட்டிக் கரையில் ஓட்டு வீடு வாங்கினேன், அடிமனையோடு. அந்த வகையில் தப்பித்தேன். மற்றதெல்லாம் சொல்கிறேன்.

பதினோரு வருஷம் பூட்டிக் கிடந்த வீடு. கதவைத் திறந்ததும் வௌவால் எச்சத்தின் வாடை மூக்கில் ஏறியது. மூன்று தடவை கழுவிச் சுண்ணாம்பு அடித்த பிறகும் மழை நாளில் கூடத்து மூலையில் அந்த வாடை இன்னும் எட்டிப்பார்க்கிறது. தேக்குத் தூண் நான்கும் கல் மாதிரி இருந்தன. மேலே கைமரத்தைச் சுத்தியலால் தட்டியபோது டொக் என்றது. விரலை வைத்து அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. வெளித்தோல் மட்டும் மரம், உள்ளே எல்லாம் கரையான் மண். நாட்டு ஓடு மாற்றத் தெரிந்த ஆள் சுற்றுவட்டாரத்தில் இரண்டே பேர், அவர்களில் ஒருவருக்கு எழுபது வயது. ஏணி ஏறும்போது நான்தான் பயந்தேன். வீட்டுக்குக் கொடுத்த பணத்தில் முக்கால்வாசி மராமத்துக்கே போனது.

ஆனால் ஆடி மாதம் முற்றத்தில் காற்று இறங்கும்போது பட்டதெல்லாம் மறந்துபோகும். உங்கள் வீட்டம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒன்று கவனியுங்கள். வாசலில் திண்ணைக்கு எத்தனை படி என்று எண்ணுங்கள். எங்கள் வீட்டில் ஐந்து படி என்று பழைய சொந்தக்காரர் சொன்னார், நான் வாங்கியபோது மூன்றுதான் இருந்தன. இரண்டு எங்கே என்று கேட்டால் தெருவைக் காட்டினார். பழைய சாலையைப் பெயர்க்காமல் மேலேயே தார், அதன் மேல் சிமெண்ட் என்று போட்டுப் போட்டுத் தெரு ஏறிவிட்டது, வீடு அப்படியே நிற்கிறது. அந்தக் காலத்தில் தெருவுக்குத்தான் தண்ணீர் போகும், இப்போது தெருவிலிருந்து தண்ணீர் கேட்டுக்கொண்டு உள்ளே வருகிறது.

கோவை மருமகள் · செப்டம்பர் 8, இரவு 10:05

அமைதி அமைதி என்று எல்லோரும் எழுதுவதைப் படித்தால் சிரிப்பு வருகிறது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து வலங்கைமான் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான்.

ஆடியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் பத்து நாள் ரேடியோ செட் ஓயாது. மார்கழியில் காலை நாலரைக்குப் பாட்டு. தையில் அறுப்பு. இப்போதெல்லாம் மெஷின் ராத்திரியிலும் விளக்குப் போட்டுக்கொண்டு ஓடுகிறது. கொள்முதல் நிலையம் உங்கள் தெருவழி என்றால் லாரி வரிசை கட்டி நிற்கும். பங்குனியில் பாடைக்காவடி இருக்கும் எங்கள் பக்கம் எல்லாம் கேட்கவே வேண்டாம். மிச்ச நாளில் அமைதி. அந்த மிச்ச நாளைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். ஏழு மணிக்கு ஊர் அடங்கிவிடும். அண்ணன் பேப்பர் படிப்பார், டீக்கடைக்குப் போவார், யாராவது வாய்க்கால் மதகைப் பற்றிப் பேசினால் நின்று கேட்பார். அக்கா என்ன செய்வார்? அதை அவரிடம் கேட்டீர்களா?

புதிதாக வருகிறவரை எங்கள் ஊரில் முதலில் கேட்பது "எந்தத் தெரு?" என்று. வீட்டு முகவரிக்காகக் கேட்கவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். விலை சொல்வதற்கு முன்பே சாதியைச் சாடையாக விசாரிக்கிற தரகர் இருக்கிறார், இன்னாருக்கு விற்க மாட்டோம் என்கிற வீட்டுக்காரரும் இருக்கிறார். அப்படி ஒரு தெருவில் போய் உட்கார்ந்துகொண்டு ஓய்வுகாலம் நிம்மதியாகப் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் மனசு எப்படியோ.

அப்புறம் ஆஸ்பத்திரி. மாமனாருக்கு ராத்திரி ஒன்றரைக்கு நெஞ்சு அடைத்தது. பக்கத்து டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இல்லை, வாட்ச்மேன் மட்டும் இருந்தார். அங்கே நாற்பது நிமிஷம் போயிற்று. பிறகு 108 வந்து தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனது, பிழைத்துக்கொண்டார். ஆகவே கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், ராத்திரி ஒன்றரைக்கு எத்தனை நிமிஷம் என்று பாருங்கள். வடகரையிலிருந்து தஞ்சாவூரோ கும்பகோணமோ போய்விடலாம். பூந்தோட்டத்திலிருந்து திருவாரூரில் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது, மாயவரத்தில் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. வழியில் ரயில்வே கேட் இருக்கிறதா? அது சாத்தியிருந்தால் எத்தனை நேரம்?

கூடுவாஞ்சேரிக்காரன் · செப்டம்பர் 9, காலை 7:30

அக்கா, தரகர் என்னிடமும் கேட்டார். "நீங்க எந்தப் பக்கத்து ஆளுங்க?" என்றார். மன்னார்குடிப் பக்கம் என்றேன். அது இல்லை என்பதுபோல் சிரித்தார். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இப்போது உறுத்துகிறது.

பத்திரத்திண்ணை அய்யா, பழைய பத்திரத்தின் நகல் கேட்டிருக்கிறேன். "அவசரம் என்ன சார், அட்வான்ஸ் போட்டுட்டு வாங்கிக்குங்க" என்கிறார்கள்.

பத்திரத்திண்ணை · செப்டம்பர் 9, காலை 9:00

நகல் காட்டாதவரிடம் அட்வான்ஸா? சார்!

கடைமடை · செப்டம்பர் 9, மதியம் 2:45

எல்லோரும் இரண்டாவது வீட்டை மறந்துவிட்டீர்கள். 19 லட்சம் பாவம், ஓரமாக நிற்கிறது.

நான் தலைஞாயிறு பக்கம். எங்கள் ஊரில் போர் போட்டால் உப்பு, கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வந்தால்தான் சமையல். பூந்தோட்டம் எங்கள் அளவுக்கு மோசம் இல்லை, ஆனால் கிழக்கே வர வர நம்ப முடியாது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் நல்ல தண்ணீர், நாலாவது வீட்டில் சவர் என்று இருக்கும். டிடிஎஸ் மீட்டர் வாங்கிக்கொண்டு போகலாம், தப்பில்லை. எங்கள் அம்மா வழி இன்னும் எளிது. அந்த வீட்டுப் போரில் ஒரு குடம் பிடித்துக்கொண்டு வாருங்கள். பருப்பு வேகிறதா பாருங்கள். மஞ்சள் தண்ணீர் தனியாக, பருப்பு தனியாக, இரண்டும் பேசாமல் நின்றால் அந்தப் போர் தோட்டத்துக்குத்தான். பங்குனியில் பிடித்த குடம்தான் கணக்கு, மழைக்காலக் குடம் பொய் சொல்லும்.

களிமண்ணையும் பாருங்கள். கோடையில் வயலில் கை நுழைகிற அளவு வெடிப்பு விடும், மழையில் பொதும்பும். அதன் மேல் நிற்கும் சுவர் சும்மா இருக்குமா? எல்லாக் கதவையும் சாத்திச் சாத்தித் திறங்கள். ஒன்று மட்டும் மேல் மூலையில் உரசினால் அந்தப் பக்கம் அஸ்திவாரம் இறங்கியிருக்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு ஓடி அதன் மேல் புதிதாகப் பட்டி பார்த்திருந்தால் இன்னும் மோசம்.

2018 நவம்பர் 16 கஜா அடித்த ராத்திரி எங்கள் ஓட்டு வீட்டில் ஓடு ஒன்றும் மிஞ்சவில்லை. பக்கத்து மெத்தை வீட்டில்தான் பதினாலு பேர் உட்கார்ந்திருந்தோம். அழகில்லாத வீடு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வரும்.

வெண்ணாற்று விவசாயி · செப்டம்பர் 9, இரவு 7:15

கடைமடை சொன்னது சரி. கூடவே ஒன்று. பக்கத்து வயல் ஒரு மா, இரண்டு மா விலைக்கு வருகிறது, அதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று யாராவது ஆசை காட்டுவார். ஒரு மா என்றால் நூறு குழி, 33 சென்ட். நெல் போட்டு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று வந்தவர்கள் இரண்டே போகத்தில் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். நடவு ஆள் கிடைக்காமல் நானே திண்டாடுகிறேன்.

ஒரு நல்லது, 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் உங்கள் இரண்டு ஊருக்கும் பொருந்தும், தஞ்சாவூர், திருவாரூர் இரண்டு மாவட்டமும் அதில் இருக்கின்றன. புதிதாக எண்ணெய்க் கிணறு, எரிவாயுக் கிணறு என்று வயலில் துளை போட வரமாட்டார்கள். பழையதாக ஏற்கெனவே பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள்.

கூடுவாஞ்சேரிக்காரன் · அக்டோபர் 27, இரவு 11:20

தாமதத்துக்கு மன்னிக்கவும். நீங்கள் சொன்னபடி மழைக்குக் காத்திருந்தேன். போன வாரம் விடாமல் இரண்டு நாள் பெய்தது. மூன்றாம் நாள் காலை ரயிலில் கிளம்பிக் கும்பகோணத்தில் இறங்கி ஒரு கார் பிடித்து முதலில் வடகரை.

படி எண்ணினேன். நான்கு. மழையில் தெரு நனைந்து கிடந்ததே தவிரத் தண்ணீர் தேங்கவில்லை, அந்த மண் அப்படியே குடித்துவிடுகிறது. கொல்லைக் கிணற்றில் கைக்கு எட்டுகிற உயரத்தில் தண்ணீர், வாயில் வைத்தால் இளநீர். நான் மனசுக்குள் வாங்கியேவிட்டேன்.

எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு பெரியவர். குடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்த வருஷம் கட்டிய வீடு, யார் இருந்தார்கள் என்று பேச்சு ஓடியது. நடுவில் அவரே சொன்னார்: "வருஷா வருஷம் சாமிக்குப் பகுதி கட்டிடுவோம், இப்பதான் திடீர்னு ஏத்திட்டாங்க, கேஸ் போட்டிருக்கோம், தெரு முழுக்க." அந்தத் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான் என்றார். ஒளித்துச் சொல்லவில்லை, ஊருக்கே தெரிந்த விஷயம், எனக்குத்தான் தெரியாது. போனில் வழிகாட்டி மதிப்பைத் தேடிக் காட்டச் சொல்லி மருமகனிடம் கேட்டேன். பத்திரத்திண்ணை அய்யா, நீங்கள் சொன்ன அதே சைபர்.

தரகரிடம் போன் செய்தேன். "அதான் சார் 38க்கு வருது, மனையோட சேத்துன்னா இந்த வீடு எம்பதுக்குக் குறையாது" என்றார். கோபப்படவும் தோன்றவில்லை, அவர் கணக்கு அவருக்குச் சரிதான்.

மனைவிக்கு அதை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. முற்றத்தில் மழைத்தண்ணீர் நான்கு பக்கத் தாழ்வாரத்திலிருந்தும் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கை நீட்டிக்கொண்டு நின்றாள். காரில் ஏறிய பிறகுதான் சொன்னேன். நாச்சியார்கோயில் வரும்வரை பேசவில்லை. அப்புறம் "கிணறு மட்டும் நம்மோடு வந்துவிட்டால் போதும்" என்றாள்.

பூந்தோட்டம் பக்கம் போகும்போது மதியம் இரண்டு. சாலை இரண்டு புறமும் சம்பா நடவு முழுகி நுனி மட்டும் தெரிந்தது. வாய்க்காலில் வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டு தண்ணீர் நகரவே இல்லை. சரி, இதுவும் போயிற்று என்று இறங்கினேன். வீட்டைச் சுற்றி முழங்கால் அளவு தண்ணீர்தான். ஆனால் வாசல் அதற்கு மேலே நாலடி உயரத்தில் உலர்ந்து கிடந்தது, ஒரு ஆடு படுத்திருந்தது. கட்டியவர் மண்ணடித்து மேடாக்கிவிட்டு, மேலும் தளத்தை உயர்த்திக் கட்டியிருக்கிறார். பார்க்க ஒன்றுமில்லை என்று முதல் நாள் எழுதினேனே, அந்தச் சலிப்பான உயரம்தான் அந்த வீட்டில் பார்க்க வேண்டிய ஒரே விஷயம்.

கதவு எல்லாம் சாத்திப் பார்த்தேன். சமையலறைக் கதவு உரசுகிறது. போர்த் தண்ணீர் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது. குடம் பிடித்து வந்தோம், பருப்பு வெந்தது, கூடுதலாக இரண்டு விசில். பஞ்சாயத்துக் குழாய் காலையில் ஒரு மணி நேரம் வருகிறதாம்.

மண் நத்தம். பட்டா இருக்கிறது, ஆனால் காலமான தாத்தா பெயரில். பேரன்கள் மூன்று பேர் விற்க வந்திருக்கிறார்கள்.

பத்திரத்திண்ணை · அக்டோபர் 28, காலை 8:40

நத்தம் என்றால் மூச்சு விடலாம். நிலவரித் திட்டத்தில் கொடுத்த தோராயப் பட்டாவா, சரிபார்த்து முடிவாகக் கொடுத்த தூய பட்டாவா என்று பாருங்கள்.

பேரன்கள் மூன்று பேர் சரி. அந்தத் தாத்தாவுக்கு மகள்கள் எத்தனை? அத்தைகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, சீர் செய்தாயிற்று, கையெழுத்து வேண்டாம் என்று சொல்வார்கள். வேண்டும். சுயார்ஜிதம், அதாவது தாத்தா தானே சம்பாதித்தது என்றால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே மகளுக்குப் பங்கு. பூர்வீகம் என்றால் தமிழ்நாடு 1989இல் கொடுத்தது, 2005இல் மத்திய சட்டமும் கொடுத்தது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அதில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் பத்திரத்தில் இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணுங்கள். ஒரு அத்தை விட்டுப்போனால் பத்து வருஷம் கழித்து அவர் பேரன் வக்கீல் நோட்டீஸோடு வருவான்.

செலவுக்கும் எடுத்து வையுங்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக ஒன்பது சதவீதம்.

கோவை மருமகள் · அக்டோபர் 28, மதியம் 1:10

அக்கா என்ன சொல்கிறார்?

கூடுவாஞ்சேரிக்காரன் · நவம்பர் 30, இரவு 9:15

மூன்று அத்தைகள். ஒருவர் காரைக்காலில், ஒருவர் திருச்சியில், இருவருக்கும் சம்மதம். மூன்றாவது அத்தை மும்பையில், இருபது வருஷமாக இவர்களோடு பேச்சுவார்த்தை இல்லை. இதை எழுதும்போதுகூட பேரன்கள் ஒருவரை ஒருவர் "நீ போன் பண்ணு" என்று தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் தீர்த்துக்கொண்டு வரும்வரை ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டை ஒத்திக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று பேசிவிட்டோம். மூன்று லட்சம், எழுத்தில், பதிவோடு. அத்தை வந்தால் வாங்குவோம், வராவிட்டால் பணத்தை வாங்கிக்கொண்டு வேறு ஊர் பார்ப்போம். இந்த யோசனை என் மனைவியுடையது. ஒரு கோடை, ஒரு மழை, ஒரு ரேடியோ செட் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறாள். மருமகள் அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன். மினி பஸ் எத்தனை மணிக்கு, கூத்தனூர் சரஸ்வதி கோயில்வரை நடக்க முடியுமா, பக்கத்து வீட்டில் யார் என்று அவளே போய் விசாரித்துவிட்டாள். பக்கத்து வீட்டம்மா தையல் மெஷின் வைத்திருக்கிறார். அது ஒரு தகுதியாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.

வடகரை வீட்டை இன்னும் மறக்கவில்லை. இங்கே முற்றம் இல்லாததால் பின்பக்கம் வைக்கோல் போர் இருந்த இடத்தில் நாட்டு ஓடு வேய்ந்து ஒரு தாழ்வாரம் இறக்கலாம் என்கிறாள், வீடு நம்முடையதானால். ரேழி அண்ணே, அந்த எழுபது வயதுக்காரர் இன்னும் வேலை செய்கிறாரா?

ரேழி · நவம்பர் 30, இரவு 9:52

செய்கிறார். ஏணி ஏறுவதில்லை, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து மகனை ஏற்றிவிட்டுத் திட்டிக்கொண்டிருப்பார். பழைய ஓடு மட்டும் வாங்கச் சொல்வார், புதிதைத் தொட மாட்டார். பத்திரம் முடிந்ததும் சொல்லுங்கள், கூட்டிக்கொண்டு வருகிறேன்.

கடைமடை · நவம்பர் 30, இரவு 10:03

மும்பை அத்தை நம்பரை என்னிடம் கொடுங்கள், நான் பேசுகிறேன்.